மழை உயரம்

எனக்குப் பிறகு ஃபோர்மேன் ஆனவன் போன வாரம் போன் செய்தான். டெப்போவுக்குப் புதிதாக எலக்ட்ரிக் பஸ்கள் வந்திருக்கின்றனவாம். முன்னால் இருக்கும் கேமரா பள்ளத்தைப் பார்த்துச் சொல்ல, சஸ்பென்ஷன் தானாகவே தன்னைத் தயார் செய்துகொள்கிறதாம். எல்லாம் சொல்லிவிட்டு, "அண்ணாச்சி, இனிமே அடியில படுக்க வேண்டியதே இல்ல. நீங்கள்லாம் அத்தனை வருசம் அடியில படுத்து என்னதான் செஞ்சிய?" என்று கேட்டான். கிண்டலா, மரியாதையா என்று பிடிபடவில்லை. பதில் சொல்ல ஆரம்பித்துப் பாதியில் எனக்கே குழம்பிவிட்டது. அப்புறம் பேசுகிறேன் என்று போனை வைத்துவிட்டேன். தாணே தமிழ்ச் சங்க மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி ஏற்கெனவே கேட்டிருந்தார்கள். எழுதினாலாவது தெளிகிறதா பார்ப்போம்.

நான் அம்பாசமுத்திரம் பக்கத்துக்காரன். தாராவியில் சித்தப்பா வீட்டில் தங்கி, ஒரு பட்டறையில் லாரிகளின் பட்டை ஸ்பிரிங்கைக் கழற்றி மாட்டப் பழகினேன். திட்டு வாங்கினேன், விரலை நசுக்கிக்கொண்டேன், தொழில் வந்தது. கற்ற காலம் அவ்வளவுதான். பிறகு செம்பூர்ப் பக்கம் ஒரு தனியார் பஸ் கம்பெனியில் சேர்ந்தேன். டிராம்பேயில் உள்ள ஆலைகளுக்கு ஆள் ஏற்றிப் போகும் பஸ்களும், குத்தகைக்கு ஊருக்குள் ஓடும் பஸ்களும் அங்கே உண்டு. கிரீஸ் அடிப்பதில் தொடங்கி, சஸ்பென்ஷன் பிரிவின் ஃபோர்மேனாக ஓய்வு பெற்றேன்.

பட்டை ஸ்பிரிங் போய்க் காற்றுப்பை வந்ததைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் மேலே போக முடியாது. பஸ்ஸின் உடம்புக்கும் அச்சுக்கும் நடுவே ரப்பர்ப் பைகள் இருக்கும். கூட்டம் ஏறி பஸ் அமுங்கினால் பைக்குள் காற்று ஏறும், கூட்டம் இறங்கினால் காற்று வெளியேறும். எப்போதும் ஒரே உயரம். அமுங்கியிருக்கிறதா, எழும்பியிருக்கிறதா என்று பார்த்துச் சொல்வது ஒரு மெல்லிய கம்பி. ஒரு முனை அச்சில், மறு முனை பஸ்ஸின் உடம்பில். அதன் நீளத்தை மரையில் திருகிக் கூட்டலாம், குறைக்கலாம். கம்பியை நீட்டினால், பஸ் அமுங்கிவிட்டதாக நினைத்து அந்த அமைப்பு காற்றை ஏற்றிக்கொண்டே போகும். பஸ் உயரும்.

இதைத்தான் நாங்கள் மழைக்காலத்துக்குப் பிடித்துக்கொண்டோம். மும்பை மழை யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சயானிலும் மாட்டுங்காவிலும் தண்ணீர் நின்றால் பஸ்ஸுக்குள் படிவழியே ஏறி, சீட்டடியில் ஓடும். செருப்புகள் மிதக்கும். அதனால் ஜூன் பிறக்கும் முன்னே ஒவ்வொரு பஸ்ஸுக்கும் எல்லாக் கம்பிகளையும் இரண்டு சுற்று நீட்டிவிடுவோம். மழை ஓய்ந்து தசரா நெருங்கும்போது பழையபடி குறைப்போம். நீட்டிய பஸ்ஸின் சக்கர வளைவுக்குள் சாக்பீஸால் ஒரு கோடு போட வேண்டும். அடுத்த ஷிப்டுக்காரன் அதைப் பார்த்து, வேலை முடிந்தது என்று தெரிந்துகொள்வான். எந்தக் கம்பெனிப் புத்தகத்திலும் இது கிடையாது. இதற்கு "மழை உயரம்" என்று பெயர். எங்கள் தமிழ்ப் பேச்சைக் கேட்டுக் கேட்டு மராட்டிக்காரர்களும், மழை உயரம் வைத்தாயிற்றா என்பதை "மழை கியா க்யா?" என்றுதான் கேட்பார்கள்.

எங்களுக்கு மேலே ஜோஷி சாகேப். எஞ்சினியர். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. நாம் ஒன்றைச் சொன்னால், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே "ஆகே?" என்பார். அப்புறம் என்று அர்த்தம். நாம் இன்னொன்று சொன்னால் மறுபடி "ஆகே?" நம்மிடம் இருக்கும் சரக்கு தீர்கிற வரைக்கும் விடமாட்டார். பொய் சொல்ல வந்தவன் மூன்றாவது "ஆகே"யில் உளறிவிடுவான், உண்மை சொல்ல வந்தவனும் சந்தேகப்பட ஆரம்பிப்பான். எத்தனையோ நாள் என் பெயரே சரிதானா என்ற குழப்பத்தோடு அவர் அறையிலிருந்து வந்திருக்கிறேன்.

சஸ்பென்ஷன் வேலை முடிந்த பஸ்ஸை அவர் சோதிக்கிற முறை தனி. கட்டிங் சாய் குடிக்கும் சின்ன கிளாஸில் விளிம்புவரை டீ ஊற்றச் சொல்வார். அதைப் பின் அச்சுக்கு மேலே தரையில் வைத்து, பக்கத்து சீட்டில் கைக்குட்டையை மடியில் விரித்து உட்கார்ந்துகொள்வார். பஸ் ஒரு சுற்றுப் போய் வரும். மிச்சமிருக்கும் டீயைத்தான் அவர் குடிப்பார். "இன்றைக்கு எனக்கு அரை கிளாஸ்தான் மிச்சம் வைத்திருக்கிறாய்" என்றால் வேலை சரியில்லை, மறுபடி அடியில் படு என்று பொருள்.

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச காலம் முன்பு தாழ்தளப் பஸ்கள் வந்தன. இதில் சஸ்பென்ஷன் முழுக்கத் தானியங்கி. கம்பி அதே கம்பிதான், ஆனால் அதன் மறு முனையில் சென்சார். அது சொல்வதைக் கேட்டு ஒரு பெட்டி காற்றைக் கூட்டும், குறைக்கும். ஷாக் அப்சார்பரின் இறுக்கத்தையும் அதுவே நொடிக்கு நொடி மாற்றும். திருப்பத்தில் இறுக்கும், நேர் சாலையில் தளர்த்தும். ஸ்டாப்பில் டிரைவர் ஒரு ஸ்விட்சைத் தட்டினால் பஸ் 'புஸ்' என்று வாசல் பக்கம் தாழ்ந்து, வயசானவர்கள் ஏறக் குனிந்துகொடுக்கும். தண்ணீர் நிற்கும் இடத்துக்கு உயர்த்தவும் ஒரு ஸ்விட்ச் உண்டு. வேகம் எடுத்தால் அது தானே இறங்கிவிடும் என்பதால் டிரைவர்கள் அதை நம்பவில்லை. நடுத்தண்ணீரில் இறங்கிவிட்டால் யார் பொறுப்பு என்று கேட்டார்கள். ஆகவே மழை உயரம் வழக்கம்போல் நடந்தது.

அந்த மழைக்காலத்தில்தான் சாரதா மாமி விழுந்தார்.

மாமி மாட்டுங்காவில் இருப்பவர். ஏதோ ஆபீசில் ஸ்டெனோவாக இருந்து ஓய்வு பெற்றவர், எழுபதைத் தாண்டியிருக்கும். பஸ்ஸில் ஏறி, வாசல் அருகே கைப்பிடிக் கம்பியைப் பிடித்து நின்றிருக்கிறார். ரயில் பாலத்துக்குப் பக்கத்துத் திருப்பத்தில் பஸ் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. விழுந்ததில் இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. ஓட்டியவர் மைதீன். கடையநல்லூர்க்காரர், தாராவியில் எங்கள் பக்கத்துச் சந்து. ஐம்பது வயசுக்கு மேல். அவர் பஸ்ஸில் கைக்குழந்தை தூங்கினால் கடைசி ஸ்டாப் வரை எழுந்திருக்காது.

பஸ்ஸின் பெட்டியில் பதிவானதை எடுத்துப் பார்த்தார்கள். வேகம் சரி. சஸ்பென்ஷனில் பிழை எதுவும் இல்லை. 'ஸ்டியரிங் திடீரென்று திருப்பப்பட்டது' என்று இருந்தது. மேனேஜருக்கு அது போதும். தாறுமாறாக ஓட்டினார் என்று எழுதி மைதீனை அனுப்பிவிடலாம் என்றார். அப்படி எழுதி அனுப்பினால் அந்த வயசில் வேறு எந்தக் கம்பெனியும் ஸ்டியரிங்கைத் தொட விடாது. ஜோஷி மட்டும், வண்டியைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று அந்த மாதக் கடைசி வரை நேரம் வாங்கினார்.

மைதீன் என்னிடம் வந்தார். "அண்ணாச்சி, நான் திருப்பல. பஸ்சுதான் சாஞ்சிச்சு. அது சாயுதேன்னுதான் நான் மறுபக்கம் ஒடிச்சேன்" என்றார்.

"பெட்டியில பிழை இல்லன்னு வருதே வே."

"அதான் எனக்கும் விளங்கல."

பஸ் தயாரித்த கம்பெனியிலிருந்து ஒரு பெண் எஞ்சினியர் புனேயிலிருந்து வந்தாள். கெட்டிக்காரி, பொறுமைசாலி. லேப்டாப்பை மாட்டி ஒவ்வொன்றாகப் பார்த்தாள். உயரம் சரி. காற்று சரி. ஷாக் அப்சார்பர் சொன்னபடி கேட்கிறது. திரை முழுக்கப் பச்சை. ஜோஷி டீ கிளாஸோடு ஏறினார். ஃப்ரீவேயில் போய் வந்தோம், ஒரு சொட்டு சிந்தவில்லை. சீட்டுகளில் மணல்மூட்டை ஏற்றிப் போனோம், அப்போதும் சிந்தவில்லை. முழு கிளாஸ் டீயைக் குடித்துவிட்டு அவர் என்னைப் பார்த்து "ஆகே?" என்றார்.

அந்த நாட்கள் எனக்குப் பிடிக்கவில்லை. மிஷின் பொய் சொல்லாது என்று அந்தப் பெண் நம்பினாள், அது நியாயம். மைதீன் பொய் சொல்லமாட்டார் என்று நான் நம்பினேன், அதுவும் நியாயம். இரண்டும் எப்படி ஒன்றாக உண்மையாக இருக்கும்? சாப்பிடும்போதும் அதே யோசனை. குழம்பு என்று நினைத்து ரசத்தை இரண்டு தடவை ஊற்றிக்கொண்டேன். வீட்டுக்காரி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

அதைவிட மோசம், மைதீனே மாறத் தொடங்கியது. இரண்டு நாள் கழித்து வந்தவர் கண்ணைப் பார்க்காமல், "ஒருவேள நான்தான் மொதல்ல திருப்பிட்டேனோ அண்ணாச்சி? மிசினு சொல்லுதே. அந்தம்மா விழுந்த சத்தம் மட்டுந்தான் இப்ப காதுல இருக்கு. மத்ததெல்லாம் கலங்கிப் போச்சு" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. செய்யாததைச் செய்தேன் என்று ஒரு மனுஷன் தன் வாயாலேயே ஒத்துக்கொள்ளப் போகிறாரே என்று பயந்தேன்.

விழுந்த மாமியை யாருமே கேட்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. வலியில் இருப்பவரை என்ன கேட்பது என்று விட்டிருந்தோம். மறுநாள் மாட்டுங்காவுக்குப் போனேன். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்திருந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் வாக்கர். பஸ் கம்பெனி என்றதும் கோபப்படுவார் என்று நினைத்தேன். "உட்காருங்கோ, காபி சாப்பிடறேளா?" என்றார்.

"டிரைவர் சட்டுன்னு திருப்புனாரா மாமி?" என்று கேட்டேன்.

"இல்லையே! அவர் மேல எதுக்குப் பழி போடறேள்? மொதல்ல ஒரு பள்ளம். அடியில டொக்குன்னு ஒரு சத்தம், யாரோ சுத்தியலால போட்டாப்ல. அப்புறம் சாஞ்சது. அதுக்கப்புறந்தான் அவர் திருப்பினார். முப்பது வருஷம் டிக்டேஷன் எடுத்தவ நான். எது முன்னாடி, எது பின்னாடின்னு மாத்தி எழுத மாட்டேன்."

அந்த 'டொக்' எனக்குப் போதும். ஷாக் அப்சார்பர் நீளுகிற அளவுக்கு நீண்டு முடிந்து, மேலே போக இடமில்லாமல் முட்டும்போது வரும் சத்தம் அது. அதைத் தலைமாட்டில் கேட்டே வளர்ந்தவன் நான். ஆனால் இந்த பஸ்ஸில் அது ஏன் முட்ட வேண்டும்? உயரம்தான் சரியாக இருக்கிறதே! காபியைப் பாதியில் வைத்துவிட்டு டெப்போவுக்கு ஓடினேன்.

நாங்கள் சோதித்ததெல்லாம் நல்ல சாலை. இந்த முறை மணல்மூட்டைகளோடு மாமி விழுந்த அதே திருப்பத்துக்குப் போனோம். பின் சக்கரம் பள்ளத்தில் இறங்கியது. டொக். பஸ் வெடுக்கென்று ஒரு பக்கம் சாய்ந்தது, கிளாஸ் உருண்டது, ஜோஷியின் பேன்ட் முழுக்க டீ. அவர் கைக்குட்டையைக்கூட எடுக்கவில்லை. சிரித்தார். அத்தனை வருஷத்தில் அவர் பல்லை அன்றுதான் பார்த்தேன்.

டெப்போவுக்குத் திரும்பி, அடியில் நின்று வேலை பார்க்கும் குழிமேல் பஸ்ஸை நிறுத்திக் கீழே இறங்கினோம். அந்தப் பெண் லேப்டாப்பை மேலேயே வைத்துவிட்டு, டேப்பைப் பிடித்து அச்சுக்கும் உடம்புக்கும் நடுவே அளந்தாள். மறுபடி அளந்தாள். நிமிர்ந்து, "இந்த பஸ் ஏன் இவ்வளவு உயரமாக நிற்கிறது?" என்று கேட்டாள்.

நாங்கள் எல்லோரும் ஒரே சமயத்தில் சிரித்தோம். "மழைக்காலம் இல்லியா மேடம்!"

அவளுக்குப் புரியவில்லை. மழைக்கும் உயரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று விழித்தாள். ஜோஷி சிரிக்கவில்லை. "ஆகே?" என்றார்.

நான் பையைப் பார்த்தேன். மழை உயரத்தில் பை எப்படி நிற்கும் என்று எனக்குத் தெரியும். இது அதற்கும் மேலே நின்றது. பை தன் முழு நீளத்துக்கு இழுபட்டிருந்தது. சக்கரம் மட்டும் இறங்க வேண்டிய பள்ளத்தில், சக்கரத்துக்கு இறங்க இடமில்லாமல் பஸ்ஸே இறங்கியிருக்கிறது. பெட்டிக்கு எதுவும் தெரியாது. நீட்டிய கம்பி உயரம் சரி என்று சொல்ல, அதுவும் சரி என்று நம்பி, எல்லாம் ஒழுங்காக இருக்கும்போது செய்யவேண்டியதையே செய்துகொண்டிருந்திருக்கிறது. இத்தனை நாளும் அந்த பஸ்ஸை நாங்கள் தினமும் பார்த்தோம். உயரமாக நிற்கிறதே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. மழைக்காலத்தில் பஸ் உயரமாகத்தானே நிற்கும்?

காலை ஷிப்டு மெக்கானிக் முருகேசன் சொன்னான்: "நான்தான் ஏத்துனேன் அண்ணாச்சி. ரெண்டு சுத்து. வழக்கம்போல."

இரண்டாம் ஷிப்டு பாண்டுரங் அவனைத் திரும்பிப் பார்த்தான். "மைனே பீ கியா. தோ சக்கர்." அவனும் இரண்டு சுற்று.

"கோடு போடலியா?" என்று முருகேசனைக் கேட்டேன். போட்டேன் என்று சத்தியம் செய்தான். சக்கர வளைவுக்குள் டார்ச் அடித்தோம். பளபளவென்று இருந்தது. அந்த வருஷம் பஸ் கழுவவும் தானியங்கி மிஷின் வந்திருந்தது. சுழலும் பிரஷ் ஒரு மூலையை விடாமல் தேய்க்கும். எங்கள் கோட்டையும் தேய்த்துவிட்டது.

அதுவரை குழியின் விளிம்பில் நின்றிருந்த மைதீன் மெதுவாகப் பேசினார். "ரெண்டு பேரையும் சொல்லிக் குத்தமில்ல சாப். என் பஸ்ஸ மொதல்ல ஏத்துன்னு முருகேசன்கிட்ட நான்தான் கேட்டேன். போன வருசம் தண்ணியில நின்னு, ஒரு புள்ளத்தாச்சிய நான் தூக்கி எறக்கினேன். அதான் பயம். மறுநாள் பாத்தா கோட்டக் காணல. மறந்துட்டான்னு நெனச்சு பாண்டுரங்கிட்டயும் கேட்டேன்."

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்களே, அதுதான். கேட்டவர் பயணிகளுக்காகக் கேட்டார். செய்தவர்கள் ஒழுங்காகச் செய்தார்கள். பெட்டி சொன்னபடி கேட்டது, பிரஷ் சுத்தமாகக் கழுவியது. இதில் யார் பேரில் குற்றம் எழுதுவது? ஜோஷி பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். 'உயரக் கம்பியின் அளவு மாறியிருந்தது, டிரைவர் மேல் தவறில்லை' என்று எழுதினார். யார் மாற்றியது என்று மேனேஜர் கேட்டாராம். "மழை" என்றாராம் ஜோஷி. மைதீன் வேலையில் நீடித்தார். எல்லாக் கம்பிகளையும் பழைய அளவுக்குக் குறைத்து, யாரும் திருக முடியாதபடி மரையில் பெயின்ட் அடித்து மூடினோம். அந்தப் பெண் போகும்போது, தண்ணீருக்கென்று இருக்கும் ஸ்விட்சை எப்படிப் பயன்படுத்துவது என்று ஒவ்வொரு டிரைவருக்கும் கற்றுக்கொடுத்துவிட்டுப் போனாள்.

இதோடு முடித்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். மைதீன் விடவில்லை. "அந்தம்மாகிட்ட நான் நேர்ல சொல்லணும் அண்ணாச்சி. அவங்க எனக்காகப் பேசியிருக்காங்க. உயரத்தக் கேட்டது நான்தான்னு அவங்களுக்குத் தெரியாது" என்றார். தெரிந்தால் என்ன ஆகுமோ என்று எனக்குப் பயம். இருந்தாலும் கூட்டிப்போனேன்.

மாமி வாக்கரைப் பிடித்து நாலடி நடந்துவந்து நாற்காலியில் உட்கார்ந்தார். மைதீன் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார், தண்ணீர், கம்பி, கோடு, எல்லாம். முடிந்ததும் மாமி என்னைப் பார்த்துக் கேட்டார்.

"ஒவ்வொரு மழைக்கும் பஸ்ஸை ஒசத்துவேளா?"

"ஆமா மாமி. காத்துப்பை பஸ் வந்ததுலேர்ந்து. தண்ணி உள்ள வரக்கூடாதுன்னுதான்."

"இந்த ரூட்லயும்?"

"எல்லா ரூட்லயும்."

மாமி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "அஞ்சாறு வருஷமா மழை ஆரம்பிச்சா எனக்குப் படி ஒசந்துபோன மாதிரி இருக்கும். முழங்கால் தூக்க வராது. வெயில் காலத்துல ஏறிடுவேன். வயசாயிடுத்துன்னு நெனச்சுண்டேன். ஆடி வெள்ளிக்குக் கோயிலுக்குப் போறதையே விட்டுட்டேன். புது பஸ் தானே குனிஞ்சு கொடுக்கும்னு சொன்னா, சரின்னு அன்னிக்குத்தான் கிளம்பினேன். அதுவும் குனிஞ்சுது. அப்பவும் எனக்கு எட்டலை. தடுமாறி ஏறி உட்கார்றதுக்குள்ள பஸ் கிளம்பிடுத்து. மிஷினே குனிஞ்சும் ஏற முடியலைன்னா இனிமே நம்மால ஆகாதுன்னு, விழறதுக்கு முன்னாடி அதைத்தான் நெனச்சிண்டிருந்தேன்."

அப்புறம் எங்கள் பக்கம் திரும்பினார். கண் நிறைந்திருந்தது, முகத்தில் சந்தோஷம். "அப்போ எனக்கு அவ்வளவு வயசாகலையா?"

மைதீன் என்னைப் பார்த்தார். நான் காபி டம்ளரைப் பார்த்தேன். உள்ளே ஏறும் தண்ணீரைப் பற்றி எத்தனையோ ஜூன் மாதம் யோசித்திருக்கிறோம். உள்ளே ஏறும் ஆளைப் பற்றி ஒரு தடவைகூட யோசித்ததில்லை. அடியில் படுத்து என்ன செய்தீர்கள் என்று போனில் கேட்டவனுக்கு நான் இதைத்தான் சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

"ஆகல மாமி" என்றார் மைதீன். "நீங்க நடந்து வாங்க. நான் எறக்கி நிறுத்துதேன்."

அடுத்த ஆடியில் ஒரு வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டு அந்த ஸ்டாப்பில் போய் நின்றேன். மைதீனின் பஸ் வந்து புஸ்ஸென்று குனிந்தது. பின்னால் டாக்சிகள் ஹார்ன் அடித்தன. மாமி கைத்தடியை இடது கைக்கு மாற்றி, படியைப் பார்த்தார். காலைத் தூக்கி வைத்தார். ஏறிவிட்டார். அவர் சீட்டில் உட்கார்ந்து, முந்தானையைச் சரிசெய்து, பூக்கூடையை மடியில் வைத்துக்கொள்ளும் வரை மைதீன் பஸ்ஸை எடுக்கவில்லை.